கணக்கு வரையும் ஓவியம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. கணக்கு ஆசிரியனாகிய என்னை அழைத்த செயலாளர் அவர்களோ, "நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் புதுப் படிப்பு ஒன்றைப் பெற்றோர்க்கு விளங்குமாறு கூறுங்கள்" என்று பணித்தார்கள். ஆதலின், பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்பெறும் கணிப்பொறி வரைகலையையும், அதனோடு பிறந்த அசைவூட்டத்தையும் என் பொருளாக எடுத்துக்கொண்டேன். அசைவூட்டம் என்பது யாது? பிள்ளைகள் 'அனிமேஷன்' என்று சொல்வதேயாகும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் பல வீடுகளில் ஒரு வழக்கு எழுகின்றது. "அப்பா, நான் அனிமேஷன் படிக்கப் போகிறேன்" என்கிறான் மகன். "பொம்மைப் படம் போட்டுப் பிழைக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்கிறார் தந்தை. தாய் இருவர்க்கும் நடுவே நின்று வருந்துகிறாள். இவ்வழக்கில் யார் பக்கம் நீதி என்று கேட்பீராயின், இருவரும் ஒரே இடத்தில் வழுக்கி விழுகின்றனர் என்பேன். இப்படிப்பு முழுதும் பொம்மைப் படமே என்று தந்தை எண்ணி அஞ்சுகிறார். மகனும் அவ்வாறே எண்ணி மகிழ்கிறான். உள்ளே புகுந்து பார்ப்போர் காண்பது கணக்கு, கணக்கிற்குள் கணக்கு. அக்கணக்கை உண்மையோடு ஒப்பிட்டு நோக்கும் கண்ணும் உடன் வேண்டும். இவ்விரண்டுமே இக்கலையின் உயிர். இதனைத் தெளிவாக்குதலே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

முதலில் இக்கல்வி பிறந்த கதையைச் சுருக்கமாகக் கூறுவேன். 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து என்னும் இளைஞர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஆய்வேட்டை அளித்தார். ஒளிப்பேனா ஒன்றால் திரையைத் தொட்டுக் கோடு வரையலாம். வளைந்தும் நெளிந்தும் வரைந்த கோடுகளைப் பார்த்து, "இவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கட்டும்" என்று பணித்தால் கணிப்பொறி அவ்வாறே திருத்தித் தரும். அந்நாளில் கணிப்பொறி என்பது ஓர் அறையை நிறைத்த எந்திரம். எண்களை விழுங்கி எண்களைக் கக்கியதே அதன் தொழில். அதனோடு மனிதன் படத்தால் உரையாடலாம் என்று காட்டியது பெரும் புதுமையன்றோ?

யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் நகரிலே உள்ள பல்கலைக்கழகத்தில் டேவிட் இவான்ஸ் என்னும் பேராசிரியர் கணிப்பொறித் துறையைத் தொடங்கினார். 1968-இல் சதர்லாந்தும் அங்குச் சென்று சேர்ந்தார். பனிமலைகளுக்கு இடையே இருந்த அப்பல்கலைக்கழகத்தில் அடுத்த சில ஆண்டுகளில் மாணவர் கூட்டம் ஒன்று செய்த பணியே, இன்று உலகெங்கும் கற்பிக்கப்பெறும் பாடத்தின் பெரும் பகுதி ஆயிற்று.

அவர்கள் எவ்வாறு கற்றனர் என்பதைக் கேளுங்கள். 1972-இல் ஒரு வகுப்பு முழுவதும் திரண்டு, சதர்லாந்தின் மனைவியாருடைய வோக்ஸ்வாகன் காரின் மேல் புள்ளிகளைக் குறித்து, அளவுகோலால் ஒவ்வொரு புள்ளியையும் அளந்து, எண்களாக எழுதிக் கணிப்பொறிக்குள் செலுத்தினர். அதே ஆண்டில் எட்வின் கேட்மல் என்ற மாணவர் தம் இடக்கையைச் சாந்தில் வார்த்தெடுத்தார். அவ்வார்ப்பின் மீது ஏறத்தாழ 350 சிறு பலகோணங்களை மையால் வரைந்து, அவற்றின் மூலைகளை அளந்தார். ஃபிரெட் பார்க் என்னும் தோழரோடு சேர்ந்து, அக்கை விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாக ஒரு சிறு திரைப்படம் செய்தார். பின்னாளில், 2011-இல், பாதுகாக்கத்தக்க திரைப்படங்களுள் ஒன்றாக அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் அது சேர்க்கப்பெற்றது.

இந்தக் கேட்மல் இளமையில் அசைவூட்ட ஓவியராக ஆக வேண்டும் என்று கனவு கண்டவர். தம் கைவரைவு அதற்குப் போதாது என்று தாமே எண்ணிப் பௌதிகமும் கணிப்பொறியியலும் பயின்றார். ஓவிய வாயில் மூடியதாக நினைத்தவர் கணக்கு வாயிலாக அதே வீட்டிற்குள் புகுந்தார். 1986-இல் பிக்சார் நிறுவனத்தை அமைத்தோருள் அவர் ஒருவர். 1995-இல் அந்நிறுவனம் முற்றும் கணிப்பொறியாலேயே ஆக்கப்பெற்ற முதல் முழுநீளத் திரைப்படத்தை வெளியிட்டது. கணிப்பொறி அறிவுலகின் தலையாய பரிசாகிய டூரிங் விருது 2019-ஆம் ஆண்டிற்கு அவருக்கும் பேட் ஹன்ரஹனுக்கும் சேர்த்து வழங்கப்பெற்றது.

இனி, இக்காலத்துப் பல்கலைக்கழக வகுப்பிற்குள் உங்களை அழைத்துச் செல்வேன்.

முதற்பாடம் புள்ளி. நம் தாய்மார்கள் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடுகின்றனர். திரையும் புள்ளிகளின் கோலமே. இக்காலத்து வீட்டுத் திரைகளுள் பெருவழக்கான ஒன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன, பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகள். ஒவ்வோர் ஒளிக்கும் 256 படிகள். இவற்றைக் கலந்தால் 1,67,77,216 நிறங்கள் பிறக்கும். எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்று ஓர் எண்ணால் கூறுவதே மாணவன் எழுதும் நிரலின் வேலை. வளைகோடும் முகமும் கடலும் வானமும் எல்லாம் இவ்வெண்களே.

இரண்டாம் பாடம் இடமாற்றம். ஒரு கட்டடத்தை நகர்த்த, சுழற்ற, பெரிதாக்க அணிகள் என்னும் எண் அட்டவணைகள் பயன்படுகின்றன. பள்ளியில், "இந்த மேட்ரிக்ஸ் எதற்குச் சார்?" என்று சலித்துக்கொண்ட அதே மாணவன் இங்கு அதன் பயனைக் கண்ணாரக் காண்கிறான். எண்களில் மூன்றையும் ஐந்தையும் எப்படிப் பெருக்கினாலும் பதினைந்து. அணிகளில் வரிசை மாறினால் விடை மாறும். நான்கு அடி நடந்து வலப்புறம் திரும்புபவனும், முதலில் வலப்புறம் திரும்பிப் பின் நான்கு அடி நடப்பவனும் ஓரிடத்தில் நிற்பதில்லை அல்லவா? வரிசையை மாற்றி எழுதிய மாணவனின் திரையில், தன்னைத் தானே சுற்ற வேண்டிய பம்பரம் ஊரைச் சுற்றப் புறப்பட்டுவிடும். அவன் நகைத்துக்கொண்டே கற்கும் இப்பாடத்தை ஒருநாளும் மறவான்.

மூன்றாம் பாடம் தொலைவு. ஊருக்குச் செல்லும் ரயிலில் சன்னல் ஓரம் அமர்ந்த குழந்தை, அருகிலுள்ள தந்திக் கம்பம் விரைந்து ஓடுவதையும், தொலைவிலுள்ள பனைமரம் மெல்ல நகர்வதையும் வியந்து நோக்குகின்றது. அதன் காரணம் வடிவொத்த முக்கோணம். தொலைவால் வகுத்தால் தோற்றம் கிடைக்கும். ஒரே அளவான இரு மரங்களுள் இருமடங்கு தொலைவில் உள்ளது பாதி உயரமாகத் தெரியும். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வடிவகணிதம் இங்கே உயிர் பெற்று எழுகின்றது.

நான்காம் பாடம் மறைப்பு. தூணின் பின்னே நிற்பவன் தெரியலாகாது. நமக்கு இது இயல்பு; கணிப்பொறிக்கோ முன்னும் இல்லை, பின்னும் இல்லை. 1974-இல் கேட்மல் தம் ஆய்வேட்டில் விளக்கிய வழி மிக எளியது. திரையின் ஒவ்வொரு புள்ளியோடும் நிறத்தை மட்டுமன்றித் தொலைவையும் குறித்து வை, புதிதாக வரும் பொருள் முன்னதைவிட அருகில் இருந்தால் பழையதை அழித்து எழுது, இல்லையேல் விட்டுவிடு. அந்நாளில் இதற்கு வேண்டிய நினைவகம் பெரும் பொருட்செலவு உடையது. இன்று பிள்ளைகள் கையிலுள்ள பேசியிலும் இம்முறை நொடிதோறும் இயங்குகின்றது.

ஐந்தாம் பாடம் ஒளி. நண்பகல் வெயில் சுடுகின்றது; மாலை வெயில் அவ்வாறு சுடுவதில்லை. சாய்ந்து விழும் ஒளி பரந்து விழுவதே அதற்குத் தலையாய காரணம். சாய்வுக் கோணத்தின் கொசைன் அளவே ஒரு பரப்பு ஒளி பெறும் என்பது 1760-இல் லாம்பர்ட் எழுதிவைத்த விதி. நேராக விழுந்தால் முழு ஒளி. 60 பாகை சாய்ந்தால் பாதி. 90 பாகையில் ஒன்றும் இல்லை. இவ்விதியைக் கொண்டு நிழலிட்டபோது முகங்கள் பட்டை தீட்டிய கல்லைப் போலத் தோன்றின. 1971-இல் யூட்டா மாணவர் ஹென்றி கூரோ, மூலைகளில் ஒளியைக் கணக்கிட்டு இடையில் படிப்படியாகக் கலக்கும் வழி கண்டார், பட்டைகள் மறைந்தன. ஆயினும் பளபளப்பு வரவில்லை. வியத்நாம் நாட்டினரான புய் துவோங் ஃபோங் 1973-இல் அதற்கும் வழி கண்டார். துலக்கிய குத்துவிளக்கின் கழுத்தில் ஓர் ஒளித்துளி மின்னுகின்றதே, அதை ஒரு கொசைனின் அடுக்காக எழுதிக் காட்டினார். அடுக்கு எண் பெரிதானால் துளி சிறுத்துக் கூர்மையாகும். குறைந்தால் பரந்து மங்கும். வெண்கலத்திற்கும் மண்பாண்டத்திற்கும் உள்ள வேறுபாடு ஓர் எண்ணில் அடங்கிற்று! அவர் 1975-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் அம்முறையை இன்றும் முதலாண்டு வரைகலை மாணவன் தன் கையால் எழுதிப் பார்க்கிறான்.

இவையெல்லாம் அசையாப் படத்திற்கு. அசைவு என்று வந்தால் காலம் என்னும் புதிய அளவு உள்ளே நுழைகின்றது. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள். 80 நிமிடப் படத்திற்கு 1,15,200 படங்கள். தொடக்கத்தையும் முடிவையும் கலைஞன் குறித்தால் இடைப்பட்டவற்றைக் கணிப்பொறி நிரப்பும். எவ்வாறு நிரப்புவது என்பதிலேதான் கலை இருக்கின்றது. மேலிருந்து விழும் பந்தைச் சமஇடைவெளியில் இறக்கினால், அது கயிற்றில் கட்டி இறக்கிய வாளியைப் போல இருக்கும். உண்மையில் விழும் பொருள் சமகாலங்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இறங்கும் என்பதைக் கலிலியோ காட்டினார். அதன்படி முதற்படத்தில் சுமார் எட்டரை மில்லிமீட்டர், அடுத்ததில் இருபத்தைந்தரை, அதற்கடுத்ததில் நாற்பத்திரண்டரை என்று இறக்கிப் பாருங்கள். பந்துக்கு எடை வந்துவிடும். பார்ப்பவர்க்கு விகிதம் தெரியாது. ஆயினும் பொய்யைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இன்னும் ஒன்று கூறுவேன். வீட்டுக் கூடத்து ஊஞ்சலை மாணவன் நிரலில் ஆட்டுகிறான். இப்போதுள்ள விரைவால் அடுத்த இடத்தையும், இப்போதுள்ள இடத்தால் அடுத்த விரைவையும் கணக்கிடுகிறான். பார்ப்பதற்கு நேர்மையான கணக்கே. ஆனால் யாரும் உந்தாமலே ஊஞ்சல் ஆட்டத்திற்கு ஆட்டம் உயர்ந்து, முடிவில் உத்தரத்தைச் சுற்றத் தொடங்கும்! சிறு பிழைகள் கூடிக் கூடி, இல்லாத ஆற்றலை உண்டாக்கிவிட்டன. விரைவை முதலில் புதுப்பித்து, அப்புதிய விரைவால் இடத்தைக் கணக்கிட்டால் ஊஞ்சல் அடங்கி ஆடும். இரண்டு வரிகளின் முறையைச் சீர்செய்வதற்குள் எத்துணைப் பெரிய உண்மை! இதைக் கண்டறியும் மாணவன் பொம்மைப் படம் போடுகிறான் என்று எவரேனும் கூற இயலுமா?

'இவையெல்லாம் மேல்நாட்டார் கலை. நமக்கு என்ன உறவு?' என்று நீங்கள் எண்ணலாம். கேட்மல் ஆய்வேடு அளித்த அதே 1974-இல், வரைகலைக்கென வெளிவந்த பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் நம் கோலத்தைப் பற்றிய கட்டுரை அச்சாயிற்று. தாம்பரத்துச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து எழுதியது அது. மொழிக்கு இலக்கணம் இருப்பதைப் போலக் கோலத்திற்கும் இலக்கணம் எழுதலாம் என்றும், சில விதிகளைக் கொண்டே சிறியதும் பெரியதுமான கோலங்களைப் பிறப்பிக்கலாம் என்றும் அதில் காட்டினர். நம் பாட்டிமார் எழுதாமல் வைத்திருந்த இலக்கணத்தை எழுத்தில் கொணர்ந்த பெருமை அவர்களுக்கு உரியது. கணக்கறிவோடு நோக்கும் கண் இருந்தால் வாசற்படியும் ஆய்வுக்கூடமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, பெற்றோர் கவலைக்கு வருவோம். அக்கவலையில் பொருள் உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன். ஆறு மாதத்தில் அசைவூட்டம் கற்பிப்போம் என்னும் விளம்பரங்கள் எந்நகரிலும் உள்ளன. அங்குப் பெரும்பாலும் கற்பிக்கப்பெறுவது ஒரு மென்பொருளின் பொத்தான்கள். மென்பொருளின் ஆயுள் எவ்வளவு? இணையத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோலோச்சிய ஃபிளாஷ் என்னும் கருவி 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு கைவிடப்பட்டது. அதன் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்தோர் மீண்டும் முதல் வகுப்பில் அமர நேர்ந்தது. 1975-இல் யூட்டாவில் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்க் குடத்தைப் பார்த்துக் கிராஃப் தாளில் வரைந்து எண்களாக்கிய உருவமோ, இன்றும் வகுப்பறைகளில் வலம் வருகின்றது. அதன் வளைவுகளின் கணக்கு மாறவில்லை; மாறப்போவதும் இல்லை.

தொழிலின் நிலையாமையும் உண்மையே. புதுச்சேரிச் சிறுவன் ஒருவன் புலியோடு கடலில் தத்தளித்த கதையாகிய 'லைஃப் ஆஃப் பை' படத்தில் அப்புலியை உயிர்பெறச் செய்த 'ரிதம் அண்டு ஹியூஸ்' நிறுவனம், 2013 பிப்ரவரியில் அப்படத்திற்காக ஆஸ்கர் விருது பெற்றது. அதே மாதத்தில், விருது வருமுன்பே, கடன் தாளாமல் திவால் மனுவும் கொடுத்தது. கைத்திறனுக்குக் குறைவில்லை, தொழில்முறையின் கணக்கு தவறிற்று. ஆகவே, "இப்படிப்புப் படித்தால் வாழ்நாள் முழுதும் கவலை இல்லை" என்று உங்களிடம் எவரேனும் கூறினால் நம்பாதீர்கள்.

அப்படியாயின் பிள்ளையைத் தடுக்கலாமா? தடுக்க வேண்டுவதில்லை. அடிப்படையைக் கற்றவனுக்குச் சினிமா ஒரு வாயில் மட்டுமே. விமானம் ஓட்டப் பழகுவோர் தரையிலிருந்தே வானத்தைக் காணும் பயிற்சிப் பொறிகளை ஆக்கியதில், இவான்ஸும் சதர்லாந்தும் கூடி நிறுவிய நிறுவனம் முன் நின்றது. மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் தரும் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்களை ஒன்றாக்கி, எலும்பைத் தனியே சுழற்றிக் காட்டுவதும் இக்கலையே. பாலமும் இயந்திரமும் கட்டப்படுமுன் திரையில் எழுவதும் இக்கலையால்தான். புள்ளிகளுக்கு நிறமிடுவதற்கென வளர்ந்த வரைகலைச் சில்லுகளே, இன்று செயற்கை நுண்ணறிவின் பெருங்கணக்குகளையும் சுமக்கின்றன.

"அந்த நுண்ணறிவே படம் வரைந்து தருகின்றதே, இனி மனிதன் எதற்கு?" என்றும் சிலர் வினவுகின்றனர். வரைந்து தருவது உண்மை. விழும் நிழல் விளக்கின் திசைக்கு ஒத்ததா, நடப்பவன் காலில் எடை உள்ளதா, காட்டிய எலும்பு நோயாளியின் எலும்புதானா என்று தீர்மானிக்கக் காரணம் அறிந்தவன் ஒருவன் வேண்டும். பொத்தானை அழுத்துபவனின் வேலையை எந்திரம் முதலில் எடுத்துக்கொள்ளும். காரணம் அறிந்தவனுக்கு அது பணியாளாக அமையும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, இப்படிப்பை நாடும் முன் உங்களை நீங்களே மூன்று வினாக்கள் கேளுங்கள். அணிகளும் திரிகோணமிதியும் எனக்குக் கசக்கின்றனவா? ஓடும் நாயின் கால்கள் எம்முறையில் தரையைத் தொடுகின்றன என்று நின்று பார்க்கும் பொறுமை எனக்கு உண்டா? ஒரு சிறு பிழையைத் தேடி இரவெல்லாம் அமர்வேனா? முதல் வினாவிற்கு 'இல்லை' என்றும், மற்றவற்றிற்கு 'ஆம்' என்றும் மனம் கூறினால் துணிந்து செல்லுங்கள். கை நன்றாக வரையவில்லையே என்று மட்டும் பின்வாங்காதீர்கள், கேட்மலை நினையுங்கள். நன்றாக வரையும் கை வாய்த்தவர்களோ, கணக்கைக் கண்டு ஓடாதீர்கள். அது உங்கள் கைக்கு மற்றொரு தூரிகை.

பெற்றோர்களே, பிள்ளை இவ்விருப்பத்தோடு வந்தால் சினவாதீர்கள். உடனே இசையவும் வேண்டா. "அங்கே என்ன பாடம் சொல்லிக் கொடுப்பார்கள்? காட்டு பார்ப்போம்" என்று பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அதில் நேரியல் இயற்கணிதம், நுண்கணிதம், பௌதிகம், நிரலாக்கம் ஆகியவை இருந்தால் உங்கள் பிள்ளை வேரைக் கற்கப் போகிறான். மென்பொருள்களின் பெயர்களே வரிசையாக நின்றால், இலையைப் பறிக்கப் போகிறான். அந்த ஒரு தாளை வீட்டு மேசைமேல் விரித்து வைத்துத் தந்தையும் மகனும் சேர்ந்து படித்தால், வழக்கில் பாதி அங்கேயே தீரும். பெண்மக்களுக்கும் இவ்வாயிலைத் திறந்து வையுங்கள். கோலத்தின் கணக்கை உலகிற்கு உணர்த்திய மூவருள் இருவர் பெண்மணிகள் அல்லரோ?

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, கைத்திறத்தாலும் கல்வியாலும் பிழைப்பவர்கள் நாம். நிலமும் வீடும் பின்னே நின்றுவிட்டன. கற்றது மட்டுமே நம்மோடு ரயிலேறி வந்தது. எங்குச் சென்றாலும் உடன் வரும் கல்வி எது, கருவியோடு மறையும் கல்வி எது என்று பகுத்தறிந்து பிள்ளைகளுக்கு வழிகாட்டுவோமாக.